நாளுக்கு நானூறு லிட்டர்

பாய்லர் இரும ஆரம்பித்து இரண்டு வாரமாகிறது. முதலில் எப்போதாவது ஒரு தடவை, தொண்டையைச் செருமிக்கொள்வதுபோல. இப்போதெல்லாம் பர்னர் எரிகிற நேரம் முழுக்க, தகர டப்பாவில் கூழாங்கல்லைப் போட்டு யாரோ குலுக்குகிற சத்தம். அந்தச் சத்தம் எதனால் என்று, பாய்லரைப் பார்த்துக்கொள்ளும் அவளுக்கு நன்றாகவே தெரியும். இரும்புச் சுவரின் உள்பக்கம் சுண்ணாம்பு படிந்துவிட்டது. படிவுக்கு அடியில் மாட்டிக்கொண்ட தண்ணீர் அங்கேயே கொதித்து, வழி தேடி, வெடித்துக்கொண்டு வெளியே வருகிறது. எரிகிற எண்ணெயில் கால் பங்கு சுண்ணாம்பைச் சூடாக்கவே போய்க்கொண்டிருக்கும்.

பாய்லர் குழாயில் ஒரு சின்னக் குப்பி நிறையத் தண்ணீர் பிடித்தாள். சோதனை மருந்தில் இரண்டு சொட்டு விட்டுக் குலுக்கினாள். நீலமானால் நல்ல தண்ணீர், சுண்ணாம்பு இல்லை. மாதுளை முத்து மாதிரி சிவந்து அவளைப் பார்த்தது.

"நீயும் கைவிட்டாச்சா?" என்றாள் குப்பியிடம்.

மூலையில் நின்ற உப்புத் தொட்டியைக் குறை சொல்லியும் பயனில்லை. தெருக்குழாயிலிருந்து வரும் தண்ணீரில் சுண்ணாம்பை வடித்துவிட்டு உள்ளே அனுப்புவது அதன் வேலை. ஆனால் அது சின்னத் தொட்டி, நாளுக்குப் பத்துப் பதினைந்து லிட்டருக்கு வைத்தது. அதற்கு மேல் தேவையும் இல்லை. ஆறு மாடி, இருபத்துநான்கு வீடு. பாய்லரில் சூடான தண்ணீர் மேலே போய், ஒவ்வொரு வீட்டு ரேடியேட்டரிலும் சூட்டைக் கொடுத்துவிட்டு, அப்படியே கீழே திரும்பி வரவேண்டும். ஒரே தண்ணீர்தான் வருஷக்கணக்கில் சுற்றிக்கொண்டிருக்கும். அதிலிருந்த கொஞ்சநஞ்சச் சுண்ணாம்பும் என்றைக்கோ படிந்து முடிந்திருக்கும். பழைய தண்ணீர் சாது. புதுத் தண்ணீர்தான் வம்பு. வரும்போதே சுண்ணாம்பையும் காற்றையும் கூட்டிக்கொண்டு வரும். ஒன்று அடைக்கும், ஒன்று துருப்பிடிக்க வைக்கும்.

மீட்டர்படி நேற்று மட்டும் நானூறு லிட்டர் புதுத் தண்ணீர் உள்ளே போயிருந்தது. அப்படியென்றால் நானூறு லிட்டர் எங்கேயோ வெளியே போயிருக்கிறது. எங்கே என்றுதான் தெரியவில்லை.

அவள் இருபத்தைந்து கிலோ உப்பு மூட்டையைத் தரையோடு இழுத்துக்கொண்டு போய்த் தொட்டியில் கொட்டினாள். இந்த வாரத்தில் மூன்றாவது மூட்டை. கொட்டிவிட்டு, காலிச் சாக்கின்மேலேயே உட்கார்ந்துகொண்டாள். இடுப்பு தன்னுடையது இல்லை என்பதுபோல இருந்தது.

அந்த நேரம் பார்த்துக் குடியிருப்போர் சங்கச் செயலாளர் படியிறங்கி வந்தார்.

"என்ன பாய்லரம்மா, நம்ம தண்ணி எங்கதான் போகுதாம்?"

கட்டடத்தில் எல்லாருக்கும் அவள் பாய்லரம்மாதான். பன்னிரண்டு வருஷமாக அப்படித்தான்.

"தேடிட்டிருக்கேன் சார்."

"ரெண்டு மாசமாத் தேடுறீங்க. நானூறு லிட்டர் என்ன சட்டைப் பொத்தானா, கட்டிலுக்கு அடியில உருண்டு போக?"

"எல்லா வீட்டுக்கும் போய்ப் பார்த்துட்டேன். ஒரு இடத்துலயும் ஈரம் இல்ல."

அவர் பாய்லர் பக்கம் காதைச் சாய்த்தார். கெட்ட மனிதர் இல்லை. கெட்ட செய்தி சொல்லும்போது மட்டும் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். இப்போது கழற்றினார்.

"சனிக்கிழமை சங்கக் கூட்டம். வெளிக் கம்பெனி ஒண்ணுகிட்ட பாய்லர் ரூமை ஒப்படைச்சிடலாம்னு பேச்சு அடிபடுது. அதுக்குள்ள நீங்க கண்டுபிடிச்சுட்டா நான் உங்களுக்காகப் பேசுவேன். இல்லேன்னா என்கிட்ட பேச ஒண்ணுமில்லம்மா."

வேலை போனால் வீடும் போகும். தரைத்தளத்தில் அவர்கள் இருக்கும் இரண்டு அறை, வேலையோடு ஒட்டி வந்தது. பக்கவாதத்தில் விழுந்து மூன்று வருஷமாகக் கட்டிலோடு கிடக்கும் அப்பாவைத் தூக்கிக்கொண்டு, குளிர்காலத்தின் நடுவில் எங்கே போவது?

அவள் வீடு வீடாக ஏறியது உண்மைதான். ஒவ்வொரு ரேடியேட்டருக்குப் பின்னாலும் கை விட்டுத் தடவிப் பார்த்தாள், ஒவ்வொரு குளியலறையிலும் முழங்கால் போட்டுப் பார்த்தாள். எல்லாரும் அவளிடம் அப்படி அன்பாக இருந்தார்கள். மூன்றாம் மாடி இரட்டைப் பிள்ளைக்காரி, "பாவம், உக்காருங்கக்கா, ஒரு டீ குடிங்க" என்று பிஸ்கட்டும் கொண்டுவந்து வைத்தாள். கணக்கு வாத்தியார், "நல்லாத் தேடும்மா" என்று தன் டார்ச்சையே கொடுத்தார். ஒருவரும் அவள் முகத்தை நேராகப் பார்க்கவில்லை. வீடு கலைந்து கிடக்கிறதே என்று வெட்கப்படுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டாள்.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது கணவர் ஜன்னலோரம் தையல் மிஷினில் இருந்தார். கழுத்தில் அளவு நாடா, வாயில் இரண்டு குண்டூசி. துணி வெட்டுவதும் தைப்பதும் வீட்டிலிருந்தே. மாமனாரைக் குளிப்பாட்டுவது, துணி மாற்றுவது, கஞ்சி ஊட்டுவது எல்லாம் அதற்கு இடையில்.

"சாப்பிடறியா?"

"ம்."

"மாமா தூங்குறார்."

"ம்."

முன்பெல்லாம் இப்படி இல்லை. கல்யாணமான புதிதில் இரண்டாவது பம்ப் என்றைக்கு முரண்டு பிடிக்கும் என்பதுகூட அவருக்குத் தெரியும். இவளுக்கும் எந்த வாடிக்கையாளர் இடுப்பளவில் பொய் சொல்கிறார் என்பது அத்துப்படி. இப்போது பேசவேண்டும் என்று நினைத்துத்தான் சாப்பிட உட்காருவாள். தட்டு காலியாவதற்குள் கண் சொருகிவிடும். தண்ணீர் போகிறது, வேலை போகப்போகிறது என்று சொன்னால் அவரும் தூங்கமாட்டார் என்பது ஒரு காரணம். சொல்லத் தெம்பில்லை என்பதுதான் பெரிய காரணம்.

படுக்கப் போகுமுன் அப்பாவைப் புரட்டிப் படுக்கவைத்தாள். முதுகு வறண்டு, அங்கங்கே சிவந்திருந்தது.

"ஏங்க, அப்பா தோல் ஏன் இப்படி வெடிச்சுக் கிடக்கு?"

"குளிர்ல? எண்ணெய் தடவிட்டுத்தான் இருக்கேன்."

"ம்" என்றாள்.

மறுநாள் குழாய்ச் சாமான் கடைக்காரர் ஒரு பாட்டில் கொடுத்தார். பச்சைச் சாயம். பாய்லர் தண்ணீரில் கலந்துவிட்டால் எங்கே ஒழுகினாலும் பச்சையாகக் காட்டிக்கொடுத்துவிடும், ஆளுக்கு ஒன்றும் செய்யாது என்றார். செயலாளரிடம் சொன்னபோது, "யார்கிட்டயும் மூச்சு விடாதீங்க. எவனாவது எடுக்கிறான்னா வசமா மாட்டட்டும்" என்றார். அவள் யாரிடமும் மூச்சு விடவில்லை. வீட்டிலும் விடவில்லை. வீட்டில் விடுவதற்கு மூச்சு மிச்சமிருந்தால்தானே.

செவ்வாய்க்கிழமை காலை சாயத்தை ஊற்றினாள். அன்று முழுக்க டார்ச்சை எடுத்துக்கொண்டு அடித்தளத்தின் சுவர், தரை, சாக்கடை மூடி என்று ஒன்று விடாமல் பார்த்தாள். எல்லாம் காய்ந்து கிடந்தது. மீட்டர் மட்டும் அன்றைக்கும் நானூறைத் தொட்டது.

புதன்கிழமை நண்பகல், அதிசயமாக வெயில் அடித்தது. குப்பை வாளியைக் கொட்டப் பின்முற்றத்துக்கு வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

துணிக்கொடி முழுக்க இளம்பச்சை.

வாத்தியாரின் வெள்ளைச் சட்டைகள் மூன்றும் பச்சை. நாலாம் மாடிக்காரர்களின் தலையணை உறை பச்சை. குழந்தைகளின் துணிகள் இரண்டு வரிசையாக, கிளிக்குஞ்சுகளைக் கிளிப் போட்டு மாட்டியதுபோல. சிரிப்பு வந்தது அவளுக்கு. ஒழுகலே இல்லை. ஆளாளுக்குப் பிடித்துத் துவைத்திருக்கிறார்கள்! ஒவ்வொரு துணியாகப் பார்த்து, யார் வீட்டுடையது என்று மனசுக்குள் எண்ணிக்கொண்டே போனாள். எட்டு வீடு.

கடைசியில் ஒரு படுக்கை விரிப்பு. கிழிந்த இரண்டு விரிப்பின் நல்ல பாதிகளை நடுவில் சேர்த்துத் தைத்தது. அந்தத் தையலை அவளுக்குத் தெரியும். அவ்வளவு நெருக்கமாக, அவ்வளவு நேராகத் தைக்கிற கை கட்டடத்திலேயே ஒன்றுதான்.

ஒன்பது வீடு.

சிரிப்பு எங்கே போனதென்று தெரியவில்லை. அவள் வாளியை அங்கேயே வைத்துவிட்டுப் பின்வாசல் வழியாகத் தன் வீட்டுக்குள் போனாள்.

அவர்கள் வீட்டுத் துவைக்கிற அறையின் மூலையில்தான் ரேடியேட்டர் குழாய் ஆறு மாடியும் இறங்கி வந்து முடிகிறது. கோடையில் பழுது பார்க்கத் தண்ணீரை வடிக்க, அதன் அடியில் ஒரு குழாய் உண்டு. அந்தக் குழாய்க்கு முன்னால் முக்காலி போட்டு, கழுத்தில் அளவு நாடாவோடு அவள் கணவர் உட்கார்ந்திருந்தார். அவருக்கு எதிரே வாளிகளோடு மூன்று பேர், வரிசையாக.

"தம்பி, நேத்திலிருந்து உங்க தண்ணி என்னமோ பச்சையா வருதே" என்று சொல்லிக்கொண்டிருந்தார் கணக்கு வாத்தியார். "பாசி புடிச்சிருக்கோ?"

"என் பிள்ளைங்க ரெண்டும் வெட்டுக்கிளி மாதிரி இருக்குண்ணா" என்றாள் இரட்டைப் பிள்ளைக்காரி. "அவங்கப்பா பாத்துட்டுப் பயந்துட்டார்."

"இதோ, கொஞ்சம் விட்டுப் பார்க்கிறேன், தெளிஞ்சிடும்..." என்று திரும்பிய கணவர் வாசலில் அவளைப் பார்த்தார். குழாய் திறந்தது திறந்தபடி ஓடியது.



"அக்கா..." என்றாள் இரட்டைப் பிள்ளைக்காரி. "நான் சும்மா, நூல் வாங்கிட்டுப் போகலாம்னு..."

"வாளியிலயா?"

வாத்தியார் தன் வாளியைப் பின்னால் மறைக்கப் பார்த்தார். அது பெரிய வாளி. பிறகு மூன்று பேரும் காலி வாளிகளோடு, சாவு வீட்டிலிருந்து போகிறவர்கள்போல ஓரமாக நழுவிப் போனார்கள்.

அவள் குனிந்து குழாயை மூடினாள். அவர் எழுந்த முக்காலியில் உட்கார்ந்தாள். கத்தவேண்டும் என்றுதான் வந்தாள். கத்துவதற்கும் தெம்பு வேண்டியிருக்கிறது.

"எத்தனை நாளா?"

"குளிர் ஆரம்பிச்சதிலிருந்து. ரெண்டரை மாசம் இருக்கும்." அவர் சுவரில் சாய்ந்து நின்றார். "முதல்ல மாமாவுக்கு மட்டும்தான். குளிக்கிற வெந்நீர் காலையில ஒரு மணி நேரம்தான் விடறாங்க. அவருக்கு ஒரு நாளைக்கு மூணு தடவை துடைக்கணும், துணி அலசணும். ஸ்டவ்ல வச்சா நீ வந்து அந்தக் கொதிக்கிற பானையைத் தூக்குவ. போன வருஷம் கால்ல கொட்டிக்கிட்டியே. நீ வர்றதுக்குள்ள எல்லாத்தையும் முடிச்சுட்டா, வந்ததும் படுத்துக்குவேன்னு..."

"அதுக்கு இந்தத் தண்ணியா?"

"நீதானே சொன்ன. தெருக்குழாய்த் தண்ணி தோலைச் சுரண்டும், சோப்பு நுரைக்காது, உன் பாய்லர்ல போறது பட்டு மாதிரின்னு."

"நான் எப்ப சொன்னேன்?"

"நாலு வருஷம் முன்னாடி. சாப்பிடறப்போ."

"நாலு வருஷம் முன்னாடி சொன்னதை வச்சுக்கிட்டு..."

"அதுக்கப்புறம் நீ ஒண்ணும் சொல்லலையே" என்றார் அவர். குத்திக்காட்டவில்லை. அளவு சொல்கிற குரலில்தான் சொன்னார்.

அவள் மூடிய குழாயை இன்னொரு தடவை இறுக்கினாள்.

"அப்புறம் அந்தப் பொண்ணு ரெண்டு கைக்குழந்தையை வச்சுக்கிட்டு ஐஸ் மாதிரி தண்ணியில துவைச்சிட்டிருந்தா. ஒரு வாளி எடுத்துக்கோன்னேன். அவ வாத்தியார் வீட்ல சொன்னா. நான் என்ன செய்ய, வேணாம்னு சொல்ல முடியல. உன்கிட்ட மட்டும் சொல்லாதீங்க, ஏற்கெனவே சோர்ந்து வர்றான்னு நான்தான் சொல்லி வச்சேன்."

"நான் படி ஏறி ஏறி எதைத் தேடினேன்னு நினைச்சீங்க?"

"குழாய்ல ஓட்டைன்னாங்க. இது ஓட்டை இல்லையே. நாம எடுத்தா அதுவா நிரம்பிக்குது."

"அதுவா நிரம்பிக்குது" என்று அவள் திருப்பிச் சொன்னாள். "தெருக்குழாய்த் தண்ணிதான் நிரம்புது. ஒரு வாளி எடுத்தா ஒரு வாளி சுண்ணாம்புத் தண்ணி உள்ள வருது. பாய்லருக்குள்ள இப்ப ஏழெட்டுக் கிலோ சுண்ணாம்பு இருக்கும். சனிக்கிழமை என்னை வேலையை விட்டு எடுக்கப்போறாங்க, அது தெரியுமா உங்களுக்கு? வீட்டைக் காலி பண்ணணும்."

அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. எப்படித் தெரியும்? அதோடு விட்டிருக்கலாம். ஆனால் இன்னொன்றையும் சொல்லித்தான் ஆகவேண்டும்.

"அந்தத் தண்ணியில துருப்பிடிக்காம இருக்க மருந்து போடுறேன். சோப்பைவிடக் காரம். அப்பா முதுகு..."

அவர் தன் இரண்டு கையையும் பார்த்தார். விரல் இடுக்கெல்லாம் அவருக்கும் சிவந்து வெடித்திருந்தது. அதையும் அவள் இவ்வளவு நாளாகப் பார்க்கவில்லை.

"நல்லது செய்யறதா நினைச்சேனே" என்றார் கடைசியில். பிறகு, "சரி, இப்படிச் செய்யலாம். குழாயை இப்பவே அடைச்சிடு. ஓட்டையைக் கண்டுபிடிச்சு அடைச்சுட்டேன்னு செயலாளர்கிட்ட சொல்லிடு. நாளைக்கு மீட்டர் நின்னுடும். பொய்கூட இல்ல" என்றார்.

அவள் யோசித்தாள். உண்மையாகவே யோசித்தாள். சனிக்கிழமை தாண்டிவிடும், வீடு நிற்கும். ஆனால் உள்ளே படிந்தது படிந்ததுதான். பாய்லரை நிறுத்தி, அமிலம் விட்டுச் சுத்தம் செய்ய முழுசாக இரண்டு நாள் வேண்டும். நடுக் குளிரில் இருபத்துநான்கு வீட்டை இரண்டு நாள் விறைக்க விடக் காரணம் சொல்லாமல் யாரும் சம்மதிக்கமாட்டார்கள். சுத்தம் செய்யாமல் விட்டால் ஒரு மாதத்தில் உள்ளே இரும்பு வெடிக்கும். அப்போது குளிர்காலம் முழுக்க வெப்பம் இருக்காது. அப்பாவுக்கும் இருக்காது, மூன்றாம் மாடிக் குழந்தைகளுக்கும் இருக்காது.

"முடியாதுங்க" என்றாள். "சொல்லித்தான் ஆகணும்."

செயலாளர் முழுவதையும் கேட்டார். கேட்கக் கேட்கக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"உங்க வீட்லயேவா?"

"ஆமா சார். ஒன்பது வீட்டு எண்ணும் இந்தத் தாள்ல இருக்கு. முதல் எண் என்னுது."

அவர் தாளை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். "எங்க வீடு...?"

"உங்க வீடு இல்ல சார்."

"நல்லவேளை" என்றவர், உடனே அதற்காக வெட்கப்பட்டதுபோல இருந்தது. "நீங்க சொல்லாம விட்டிருந்தா யாருக்கும் தெரிஞ்சிருக்காதேம்மா."

"பாய்லருக்குத் தெரியுமே சார். ரெண்டு நாள் நிறுத்தணும். எனக்கு அதுக்கு அனுமதி வாங்கிக் கொடுங்க. வெளிக் கம்பெனியே வந்தாலும் முதல் வேலை அதுதான்."

சனிக்கிழமை கூட்டம் கீழ் வராந்தாவில் நடந்தது. அவள் கடைசியில், சுவரோடு சாய்ந்து நின்றாள். செயலாளர் தாளைப் படித்தார், வீட்டு எண்களைப் படித்தார். பிறகு, ஞாயிறும் திங்களும் வெப்பம் இருக்காது என்றார். வேறு சமயமாக இருந்தால் கூரை பறந்திருக்கும். லிஃப்ட் அரை மணி நேரம் நின்றதற்கே மனு எழுதுகிற கூட்டம் அது. அன்றைக்கு ஒரு இருமல்கூட எழவில்லை. பாதிப் பேர் தரையைப் பார்த்தார்கள். மீதிப் பேர் அந்தப் பாதிப் பேரைப் பார்த்தார்கள்.

"வெளிக் கம்பெனியைப் பத்தி..." என்று யாரோ ஆரம்பித்தார்.

கணக்கு வாத்தியார் எழுந்தார். கோட்டுக்குள் போட்டிருந்த சட்டையின் காலர் இன்னும் இளம்பச்சையாக இருந்தது. "வெளியாள் வந்தா முதல் நாளே 'யாருய்யா வாளியில புடிச்சது'ன்னு வீடு வீடாக் கேப்பான். நமக்கு அது தேவையா?" என்றார். பிறகு குரலை இறக்கி, "தப்பு நம்மளுது. அந்தம்மா டீயைக் குடிச்சிட்டுப் போச்சு, நாம ஒரு வார்த்தை சொல்லல" என்று உட்கார்ந்தார்.

குளிர்காலம் முடியும்வரை பாய்லர் அவள் பொறுப்பில் இருக்கட்டும், அப்புறம் மறுபடி பேசலாம் என்று முடிவானது. சாயங்காலமும் ஒரு மணி நேரம் வெந்நீர் விடலாமா என்று அவள் கேட்டதற்கு, பார்க்கலாம் என்றார்கள். குளிர்காலம் முடிய இன்னும் மூன்று மாதம். மூன்று மாதத்துக்கு வீடு உண்டு. அவ்வளவுதான் கிடைத்தது. அவள் அதையும் வாங்கிக்கொண்டு கீழே போனாள்.

இரண்டு நாளும் பாய்லர் ரூமைவிட்டு அவள் அதிகம் நகரவில்லை. அமிலம் உள்ளே போய்ச் சுற்றச் சுற்ற, சுண்ணாம்பு நுரைத்துக் கரைந்து பழுப்புக் கஞ்சியாக வெளியே வந்தது. துவைக்கிற அறைக் குழாயைக் கழற்றி, துளையில் இரும்பு மூடியைப் போட்டு அவளே இறுக்கினாள். கணவர் ஸ்பானரை எடுத்துக் கொடுத்தார்.

திங்கட்கிழமை மாலை நாலரைக்கு, கடைசி அலசலுக்குத் தண்ணீர் ஓடவிட்டுவிட்டு, ஒரு மணி நேரம் வீட்டுக்கு வந்தாள். வீடு ஐஸ் பெட்டி மாதிரி இருந்தது. அப்பா மூன்று கம்பளிக்கு அடியில், மூக்கு மட்டும் தெரியப் படுத்திருந்தார். ஸ்டவ்வில் பெரிய பானையில் தண்ணீர் வைத்துவிட்டு, கணவர் பக்கத்தில் இரண்டு நாற்காலி போட்டிருந்தார். வீட்டிலேயே கொஞ்சம் கதகதப்பான இடம் அதுதான்.

"நீ தூக்காதே. நானே இறக்கிக்கிறேன்" என்றார்.

"இருபது நிமிஷம் ஆகும்" என்றபடி உட்கார்ந்தாள்.

"ஆகட்டும். எவ்வளவு சுண்ணாம்பு வந்துச்சு?"

"ரெண்டு ட்ரம் நிறைய கஞ்சி. நான் நினைச்சதைவிட ஜாஸ்தி."

"இருமல் நின்னுடுமா?"

இருமல் என்று அவள் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. சுவருக்கு இந்தப் பக்கம் தையல் மிஷினில் உட்கார்ந்தபடி அவரும் அதைக் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார். அவள் அவரைத் திரும்பிப் பார்த்தாள்.

"பத்த வச்சாத்தான் தெரியும்" என்றாள். பிறகு, கேட்காமலே, முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தாள். முதல் நாள் மீட்டர் அறுபது காட்டியதும் மீட்டர்தான் கெட்டுவிட்டது என்று நினைத்தது. உப்பு மூட்டை. சாமான் கடைக்காரரின் சவடால். செயலாளரும் அவர் சட்டைப் பொத்தானும். அதற்கு அவர் வாய்விட்டுச் சிரித்தார். வாத்தியார் கொடுத்த டார்ச்சைப் பற்றிச் சொல்லும்போது அவள் குரல் இழுத்தது. "அந்த டார்ச்சை வச்சுக்கிட்டு அவர் வீட்டுக் குளியலறையிலயே நான்..." என்றவள் முடிக்கவில்லை. தலை மெதுவாகச் சாய்ந்து அவர் தோளில் நின்றது.

அவர் அசையவில்லை. பானையின் ஓரத்தில் சின்னச் சின்னக் குமிழிகள் கிளம்ப ஆரம்பித்திருந்தன. கையை மட்டும் நீட்டி அடுப்பைத் தணித்தார்.

"தண்ணி சுட்டாச்சா?" என்று உள்ளேயிருந்து அப்பாவின் குழறல் குரல் கேட்டது.

"இன்னும் இல்ல மாமா" என்றார் மெதுவாக. "கொஞ்சம் பொறுங்க."